ஏழு பேர் சேர்ந்து ஏலத்துல எடுத்த மலைப்பாதைப் பலகை, யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்னு நான் நினைக்கிற விஷயங்கள்

போன வருஷம் செப்டம்பர் கடைசியில ஆரம்பிச்சு நவம்பர் கடைசியில வர்ற தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் எனக்கு ஒழுங்கா தூக்கமே இல்ல, காரணம் நாலரை அடி நீளத்துல ஒரு மரப்பலகை. அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் ஸ்டேட்ல இருக்கற வொயிட் மவுண்டன்ஸ் மலையில ஒரு காலத்துல பாதை காட்டிட்டு நின்ன பலகை அது. ஒண்ணா ஹைக்கிங் போற நாங்க ஏழு பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஆன்லைன் ஏலத்துல எடுத்தோம். "எடுத்தோம்"னு சொல்றேன், ஆனா ஏலத்துல பதிவாயிருந்தது என் பேரு, என் கார்டு, விதிமுறைய ஒத்துக்கறேன்னு டிக் பண்ணது என் விரல். பிரச்சனை வந்தப்ப ஏழு பேர் ஒருத்தியா ஆயிட்டாங்க. கூட்டா பணம் போட்டு ஏதாவது வாங்கலாம்னு இருக்கறவங்க, அது டிரெயில் பலகையோ பழைய கேமராவோ எதுவா இருந்தாலும், ஒரு தடவ இத படிச்சிட்டுப் போங்க. எனக்கு யாரும் சொல்லல.

அந்தப் பலகை மேல ஏன் அவ்வளவு ஆசைன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா ஒரு கட்டைக்கு இவ்வளவு செலவான்னு தோணும். நான் அதே ஸ்டேட்ல நாஷுவாங்கற ஊர்ல இருக்கேன், வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். 2021ல லாக்டவுன் எல்லாம் முடிஞ்சு மனுஷ முகத்த பாத்தா போதும்னு இருந்தப்ப அமைஞ்ச குரூப் இது. ரிட்டயர் ஆன ஒருத்தர், அவர நாங்க சார்னு தான் கூப்பிடுவோம். ஒரு கணவன் மனைவி, என்னோட வேலை பாக்கற ஒரு தோழி, பக்கத்து அபார்ட்மெண்ட் நண்பர் ஒருத்தர், அப்புறம் பாஸ்டன்ல படிச்சிட்டு அங்கேயே வேலைக்கு சேர்ந்த ஒரு தம்பி. நாலாயிரம் அடிக்கு மேல 48 சிகரம் இருக்கு அங்க, அத்தனையும் முடிக்கணும்னு ஒரு வெறி, நான் இன்னும் 31ல தான் நிக்கறேன். 2022 ஜூன்ல ஃபிராங்கோனியா ரிட்ஜ் போனோம். ஃபாலிங் வாட்டர்ஸ் டிரெயில்ல ஏறி, லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லஃபாயட்னு உச்சியிலயே நடந்து, ஓல்டு ப்ரைடில் பாத் வழியா இறங்கற சுத்து, கிட்டத்தட்ட 9 மைல். மலையேறறவங்க தங்கற க்ரீன்லீஃப் ஹட் தாண்டி கொஞ்ச தூரத்துல சார் கால் வழுக்கி முட்டி திருகிடுச்சு. அங்கிருந்து கார் நிறுத்தின இடத்துக்கு ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரத்துல இறங்கிடலாம், எங்களுக்கு அஞ்சு மணி நேரம் ஆச்சு. ஏழு பேர்ல ஹெட்லேம்ப் கொண்டு வந்தது ஒருத்தர். கடைசியில போன் டார்ச்சும் சிவப்பு பேட்டரிக்கு வந்து, கீழ ஓடைச் சத்தம் மட்டும் கேக்குது, எவ்வளவு தூரம் மிச்சம்னே தெரியல, தோழி சத்தமில்லாம அழுதுட்டு வரா. அப்ப வெளிச்சம் ஒரு பலகை மேல பட்டுச்சு. ரெண்டு பாதையும் சேர்ற இடத்துல நிக்கற பலகை. அங்கிருந்து பார்க்கிங் 0.2 மைல் தான். சார் அந்தக் கம்பத்த பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்னாரு. அந்த இடத்த அதுக்கப்புறம் நாங்க யாருமே சாதாரணமா தாண்டிப் போனதில்ல.

அதனால தான் ரெண்டு வருஷம் கழிச்சு, மாசச்சூசெட்ஸ்ல ஒரு ஏலக் கம்பெனியோட ஆன்லைன் ஏலத்துல "ஓல்டு ப்ரைடில் பாத்"னு குடைஞ்ச பழைய பலகை வருதுன்னு தம்பி குரூப்ல லிங்க் போட்டப்ப அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் ஹார்ட் போட்டாங்க. நாங்க பாத்த அதே பலகை இல்ல இது, அதுக்கு பல வருஷம் முன்னாடி நின்னது. காலமான ஒரு மலையேறியோட வீட்டுச் சாமான் ஏலம் அது, மர ஸ்கீ, பழைய ஸ்னோ ஷூ, மேப்பு, கூட மூணு பலகை. போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தா எழுத்துக் குழிக்குள்ள வெள்ளை பெயிண்ட் செதில் செதிலா உரிஞ்சு நிக்குது, இடது பக்கம் போல்ட் ஓட்டை ரெண்டு, அதுல இருந்து துரு கண்ணீர் மாதிரி வழிஞ்சு காஞ்சிருக்கு, கீழ் ஓரத்த எதுவோ கடிச்சு வரிவரியா பல்லு பதிஞ்சிருக்கு. முள்ளம்பன்றி வேலைன்னு சார் சொன்னாரு. உப்புக்காக அலையற ஜீவன், பெயிண்ட் அடிச்ச மரம், வேர்வை பட்ட கைப்பிடி எல்லாம் கடிக்குமாம். கம்பெனி போட்ட மதிப்பீடு 300ல இருந்து 500 டாலர்.

ஆளுக்கு 120, ஏழு பேருக்கு 840 டாலர். எல்லாரும் எனக்கு ஸெல்ங்கற பணம் அனுப்பற ஆப்ல அனுப்பிட்டாங்க, நான் தான் வரவு செலவு ஒழுங்கா எழுதி வைப்பேன்னு என்னையே ஏலம் கேக்கச் சொன்னாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. 840ல 40 பெட்ரோலுக்குன்னு எடுத்து வச்சிட்டு, உச்சபட்சம் 800னு சைட்ல போட்டு வச்சேன். இங்க தான் முதல் தப்பு. ஏலத்துல நீங்க கேக்கற தொகை நீங்க கட்டற தொகை இல்ல. சுத்தியல் தட்டற விலைக்கு மேல பையர்ஸ் பிரீமியம்னு கம்பெனி கமிஷன் ஒண்ணு உண்டு, நான் கேட்ட இடத்துல 20 சதவீதம். அவங்க ஏலம் நடத்தற சைட்டுக்கு தனியா 3 சதவீதம். தட்டின விலையோட அந்த ரெண்டையும் சேர்த்த மொத்தத் தொகைக்கு மேல மாசச்சூசெட்ஸ் சேல்ஸ் டாக்ஸ் 6.25 சதவீதம். எல்லாம் விதிமுறையில எழுதித்தான் இருந்துச்சு, பதினோரு பக்கத்துல ஆறாவது பக்கம், நான் படிக்கல. கணக்கு ரொம்ப சுலபம், நூறு டாலருக்குக் கேட்டா கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 130.70. திருப்பிப் போட்டா, கையில மொத்தமே 840 தான்னா அத 1.307ஆல வகுக்கணும், 642 வரும். அதுக்கு மேல ஒரு டாலர் கூட கேட்டிருக்கக் கூடாது. நான் 800 போட்டப்பவே குரூப் பணத்துக்கு மேல 200 டாலர் கைய நீட்டிட்டேன், அது எனக்கே தெரியாது. உங்க ஊர்ல சதவீதம் வேறயா இருக்கலாம், ஆனா முதல்ல அந்தப் பக்கத்த தேடிப் படிங்க, மொத்தமா எவ்வளவு வரை தாங்கும்னு முடிவு பண்ணிட்டு பின்னாடி இருந்து கணக்குப் போட்டு வாங்க.

ஏலம் ஞாயித்துக்கிழமை ராத்திரி 8:14க்கு முடியணும். முடியற நேரத்துல யாராவது புதுசா கேட்டா இன்னும் மூணு நிமிஷம் நீளும், அதுக்குள்ள மறுபடி கேட்டா மறுபடி மூணு நிமிஷம். எட்டு மணிக்கு விலை 450ல நின்னுச்சு. என் உச்சபட்சம் 800ங்கறதால யார் ஏத்தினாலும் சைட்டே எனக்காக அடுத்த படி ஏத்திக்கும். 475 ஆச்சு. நிம்மதியா இருந்தேன். 8:12க்கு யாரோ ஏத்தினாங்க, சைட் எனக்காக ஏத்துச்சு. மறுபடி ஏத்தினாங்க. 600, 700, 800. பேரு தெரியாது, முதல் எழுத்தும் நட்சத்திரமும் தான் காட்டும். 850ன்னு வந்தப்ப நீங்க பின்தங்கிட்டீங்கன்னு சிவப்புல வந்துச்சு. குரூப்ல மெசேஜ் கொட்டுது, "விடாதீங்க", "இன்னும் ஒரே ஒரு தடவ", "நான் கூட 50 தரேன் போடுங்க". கை நடுங்குது, அடுப்புல குக்கர் விசில் அடிச்சிட்டே இருக்கு, எத்தன விசில்னு கூட தெரியல. 900 போட்டேன். 950 வந்துச்சு. 1,000 போட்டேன். மூணு நிமிஷம் நகரவே இல்ல. 8:41க்கு பச்சை ஆச்சு. சத்தம் போட்டு அழுதுட்டேன், சந்தோஷத்துல தான்.

ஒன்பதரைக்கு தம்பி போன் பண்ணான். நியூயார்க்ல இருந்து பஸ்ல வந்துட்டு இருந்தவன், குரல் உடைஞ்சு போயிருந்துச்சு. "அக்கா, சாரிக்கா, நமக்கு கிடைக்கல. எவனோ ஒருத்தன் விடவே மாட்டேங்கறான், நான் 950 வரைக்கும் போய்ப் பாத்தேன்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. "அது நான் தாண்டா"ன்னு மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் சத்தம் தான் கேட்டுச்சு.

பஸ் வைஃபைல வாட்ஸப் லோட் ஆகல, ஏல சைட் மட்டும் திறந்திருக்கு. குரூப்ல சத்தமே இல்லையேன்னு, நான் மறந்துட்டேனோ இல்ல பணம் பத்தாம விட்டுட்டேனோன்னு நினைச்சு, சொந்தப் பணத்துல எடுத்து சார் பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்துடலாம்னு அவன் பேர்ல தனியா ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் கேட்டிருக்கான். நல்ல மனசுல பண்ணது தான், அவன் மேல எனக்கு அன்னைக்கும் கோவம் இல்ல, இன்னைக்கும் இல்ல. மறுநாள் ஏலத்தோட வரலாற்ற எடுத்துப் பாத்தேன். வேற எல்லாரும் 450லயே நின்னுட்டாங்க. 475ல இருந்து 1,000 வரைக்கும் ஏறினது முழுக்க நானும் அவனும். 475லயே முடிஞ்சிருந்தா கமிஷன் வரி எல்லாம் சேர்த்து 620.77, எங்க கையில இருந்த பணத்துல மிச்சமே விழுந்திருக்கும். வந்த பில் 1,306.88. எங்களுக்குள்ளயே நாங்க ஏத்தி விட்டது 686 டாலர். திங்கக்கிழமை காலையில கம்பெனிக்கு போன் பண்ணி நடந்தத சொன்னேன், அந்தம்மா பொறுமையா கேட்டாங்க, ஆனா ரெண்டு பேரும் ஒழுங்கா பதிவு பண்ணி கேட்டது தானே, விற்பனை விற்பனை தான்னுட்டாங்க. கட்டாம விட்டா அந்த சைட்ல இருக்கற எல்லா ஏலத்துலயும் என் கணக்க தடை பண்ணுவாங்க, அது போக கம்பெனி பணத்துக்கு என் பின்னாடி வரலாம். அவங்கள குத்தம் சொல்ல முடியல.

அதனால தயவு பண்ணி, கூட்டா ஏலம் கேக்கறதுன்னா கேக்கற ஆள் ஒருத்தர் மட்டும் தான்னு எழுத்துல வச்சுக்கங்க. மத்தவங்க யாரும் அந்த சைட்ல கணக்கே திறக்கக் கூடாது. கேக்கறவரோட ஏல நம்பர என்னன்னு எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிடுங்க, பேரு மறைச்சிருந்தாலும் முதல் எழுத்த வச்சாவது தெரியும். கேக்கறவருக்கு ஏதாவது ஆயிட்டா அடுத்து யாருன்னும் முடிவு பண்ணிடுங்க. அப்புறம் கடைசி பத்து நிமிஷம் குரூப் சாட்ட மூடி வையுங்க. அந்த நேரத்துல வர்ற "போடுங்க போடுங்க" யாரும் பணமா கொடுக்கப் போற வார்த்தை இல்ல. எனக்கு 50 கூடத் தரேன்னு சொன்ன பக்கத்து அபார்ட்மெண்ட் நண்பர் அடுத்த வாரம் அத பத்தி மூச்சே விடல.

எடுத்துட்டு வர்றதுலயும் ஒரு சின்னக் கணக்கு தப்பிடுச்சு. ஷிப்பிங்குக்கு 165 டாலர் சொன்னாங்க, பலகை எடை என்னமோ பத்து பவுண்டு கூட இல்ல, ஆனா பார்சல் கம்பெனி எடைய மட்டும் பாக்கறதில்ல, பெட்டியோட நீளம் அகலம் உயரத்த இஞ்ச்ல பெருக்கி 139ஆல வகுப்பாங்க, அதுல எது கூடுதலோ அந்த எடைக்குத்தான் காசு. 60க்கு 20க்கு 6 பெட்டின்னா 52 பவுண்டு. 48 இஞ்சுக்கு மேல நீளம் போனா அதுக்குத் தனி கட்டணம் வேற. சரி நேர்ல போய் எடுத்துக்கறேன்னு சொன்னேன். நேர்ல போய் எடுத்தா மாசச்சூசெட்ஸ் வரி கட்டணும், அவங்களே நியூ ஹாம்ப்ஷயருக்கு அனுப்பியிருந்தா அந்த வரி கிடையாது, எங்க ஸ்டேட்ல சேல்ஸ் டாக்ஸே இல்ல. 76.88 டாலர் வரி, போக ரெண்டு மணி நேரம் வர ரெண்டு மணி நேரம், அவங்க திறக்கறது வார நாள்ல மட்டும்ங்கறதால ஒரு நாள் லீவு. ரெண்டையும் எழுதி வச்சு ஒப்பிட்டுட்டு முடிவு பண்ணுங்க. எங்க கார்ல பின்சீட்ட மடக்கியும் முன்சீட் வரைக்கும் நீட்டித்தான் பலகை உள்ள போச்சு, திரும்பி வர வழி முழுக்க என் தோள் பக்கத்துல அந்த முள்ளம்பன்றி கடிச்ச ஓரம். பழைய மரமும் ஈரப் பாசியும் கலந்த ஒரு வாசனை. அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் எல்லாத்தையும் மறந்துட்டேன்.

அப்புறம் பணம் கேக்கற படலம். 1,306.88அ ஏழா பிரிச்சா ஆளுக்கு 186.70. ஏற்கனவே கொடுத்த 120 போக இன்னும் 66.70னு குரூப்ல போட்டேன். சாரும் அந்தக் கணவன் மனைவியும் அன்னைக்கே அனுப்பிட்டாங்க. தம்பி முழு வித்தியாசத்தையும் நானே கட்டறேன்னு நின்னான், மொத வேலையில இருக்கற பையன், வேண்டாம்னு சண்ட போட்டு 200 மட்டும் வாங்கிக்கிட்டேன். என் தோழி ரெண்டே வரி அனுப்பினா, "நான் 120ன்னு சொன்னேன், 120 கொடுத்தேன். அதுக்கு மேல போகலாமான்னு என்கிட்ட யாரும் கேக்கல." அந்த ராத்திரி அவ குரூப்ல ஒரு வார்த்தையும் போடல, அப்புறம் தான் சாட்ட மேல தள்ளிப் பாத்தேன். அன்னைக்கு எனக்கு அவ மேல வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்ல, இருட்டுல கையப் பிடிச்சு கூட்டிட்டு வந்தவ நானு, 66 டாலருக்குக் கணக்குப் பாக்கறாளேன்னு ரெண்டு நாள் பேசல. இப்ப யோசிச்சா அவ சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. எல்லை தாண்டினது நான், தாண்ட சம்மதம் சொன்னவங்க வேற பேரு. அவகிட்ட அப்புறம் போய் மன்னிப்பு கேட்டேன்.

பக்கத்து அபார்ட்மெண்ட் நண்பருக்கு அக்டோபர்ல டெக்ஸஸ்ல வேலை கிடைச்சு கிளம்பிட்டாரு. பலகைய நான் எங்க பாக்கப் போறேன், என் 120அ திருப்பிக் கொடுத்துருங்கன்னாரு. கூட்டுல இருந்து விலகினா பணம் திரும்ப வருமா, யார் தரணும், இன்னைக்கு மதிப்புக்கா போட்ட தொகைக்கான்னு நாங்க எதுவுமே பேசி வைக்கல. பேசாத விஷயத்துல நான் என்ன வாதாட முடியும், கொடுத்துட்டேன். கூட்டிக் கழிச்சுப் பாத்தா பலகைக்கு என் கையில இருந்து போனது 306.78, நான் போடறதா சொன்னத விட 186 டாலர் அதிகம். சில பேருக்கு இது சின்னத் தொகை. எனக்கு அந்த மாசம் ஊருக்கு அம்மாவோட கண் ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டியிருந்துச்சு, அதுல ஒரு பகுதிய அடுத்த மாசத்துக்கு தள்ளினேன். அது தான் இன்னும் உறுத்துது.

இதெல்லாம் விட என்ன பயமுறுத்தினது வேற. பலகைய சார் வீட்டு கராஜ்ல வச்சு எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறோம், சார் மெதுவா கேட்டாரு, "இது எப்படிம்மா அந்த மனுஷன் கைக்கு வந்துச்சு?" எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஓல்டு ப்ரைடில் பாத் கீழ்ப்பகுதி ஸ்டேட் பார்க்ல இருக்கு, மேல போனா வொயிட் மவுண்டன் நேஷனல் ஃபாரஸ்ட், அது ஃபெடரல் அரசாங்க நிலம். ஃபெடரல் நிலத்துல இருந்து பலகைய கழட்டறது சட்டப்படி குத்தம், அரசாங்கச் சொத்து. நினைவுப் பொருளா இருக்கட்டும்னு கழட்டிட்டுப் போறவங்க காலங்காலமா இருக்காங்க, அதனால ஒரு ஜங்ஷன்ல பலகை இல்லாம தப்பான பாதையில இறங்கினா என்ன ஆகும்னு எங்கள விட யாருக்குத் தெரியும். திருட்டுப் பொருள்னா எத்தன கை மாறினாலும் உரிமை மாறாது, கேட்டா கொடுத்துத்தான் ஆகணும், பணம் திரும்ப வர்றது அப்புறம் நம்ம பாடு. நான் ஹெச்1பி வேலை விசால இருக்கேன், க்ரீன் கார்டு வரிசையில பல வருஷமா நிக்கறேன். தெரிஞ்சே வாங்கினா தான் குத்தம்னு படிச்சேன், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு அத கேக்குமா. அரசாங்கப் பொருள் என் பேர்ல பில் போட்டு என் கார்டுல வாங்கியிருக்கேன், அந்த நினைப்புல எத்தன நாள் முழிச்சுக் கிடந்தேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல, குரூப்லயும் சொல்லல, சொன்னா எல்லாரும் பயந்துருவாங்கன்னு.

கம்பெனிக்கு மெயில் போட்டேன், பொருள் கொடுத்த குடும்பத்துக்கிட்ட கேட்டு எழுத்துல தர முடியுமான்னு. முதல் மெயிலுக்கு பதில் இல்ல. ரெண்டாவதுக்கு கேட்டு சொல்றோம்னாங்க. மூணு வாரம் கழிச்சு அந்தக் குடும்பத்துல இருந்து ஒரு கடிதம் ஸ்கேன் ஆகி வந்துச்சு. அப்பா பல வருஷம் பாதை பராமரிப்புல தன்னார்வலரா இருந்தாரு, பழசாகி மாத்தின பலகைய வேலை செஞ்ச குழு அவருக்கு நினைவா கொடுத்தது, கூட பலகைய கையில பிடிச்சுக்கிட்டு அவர் நிக்கற கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு. அந்தப் போட்டோவ பாத்து நான் அழுதத எழுதறதுக்கு எனக்கு வெக்கமில்ல. ஆனா அந்தக் கடிதத்த நான் ஏலத்துக்கு முன்னாடி கேட்டிருக்கணும். பொருள் எங்கிருந்து வந்துச்சு, எழுத்துல ஏதாவது இருக்கான்னு ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னாடி கேளுங்க, மழுப்பினா விட்டுடுங்க. பாதைய பராமரிக்கற சங்கங்களே பழைய பலகைய இறக்கி ஏலம் விடறதும் உண்டு, அதுல வாங்கினா எங்கிருந்து வந்ததுங்கற கேள்வியே கிடையாது, பணமும் பாதைக்கே போகும். அந்தக் கடிதத்தையும் பில்லையும் பலகைக்குப் பின்னாடி ஒரு கவர்ல ஒட்டி வச்சிருக்கேன்.

இன்னொண்ணு, குழந்தை இருக்கற வீட்டுக்காக சொல்றேன். அந்தக் கணவருக்கு மர வேலை ஆர்வம், பெயிண்ட் உரிஞ்சிருக்கே, சாண்ட்பேப்பர் போட்டு தேய்ச்சு புதுசா அடிச்சிடலாம்னு கிளம்பிட்டாரு. அவங்க வீட்ல ரெண்டு வயசுக் குழந்தை. 1978க்கு முன்னாடி அமெரிக்காவுல வித்த பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம்னு அபார்ட்மெண்ட் வாடகை பேப்பர்ல கையெழுத்துப் போட்டப்ப படிச்சது எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஹார்ட்வேர் கடையில டெஸ்ட் கிட் வாங்கி எழுத்துக் குழிக்குள்ள தேய்ச்சா குச்சி நுனி சிவப்பாச்சு, ஈயம். சாண்ட்பேப்பர் போட்டிருந்தா அந்தத் தூள் கராஜ் முழுக்க பறந்திருக்கும். தேய்க்காதீங்க, சுரண்டாதீங்க, சூடு காட்டாதீங்க. ஈரத்துணியால மெதுவா ஒத்தி எடுத்து துணிய தூக்கிப் போட்டுட்டு, உதிராம இருக்க மேல தெளிவான சீலர் ஒரு கோட் போட்டோம். வெளியில நின்ன பழைய மரத்துக்கு பூச்சி அரிக்காம இருக்க மருந்து ஏத்தியிருக்கலாம், அதுலயும் விஷம் இருக்கலாம், அதனால உடைஞ்ச துண்ட கூட அடுப்புலயோ கேம்ப்ஃபயர்லயோ போடாதீங்க.

எங்க மாட்டறதுன்னு ஆளாளுக்கு மூணு மாசம்னு ஒரு யோசனை வந்துச்சு, என் அபார்ட்மெண்ட்ல சுவத்துல ஆணி அடிக்கவே அனுமதி இல்ல. கடைசியில சார் வீட்டு போர்ச்ல குழந்தைக்கு எட்டாத உயரத்துல மாட்டியிருக்கு. அது மிச்சம் இருக்கற ஆறு பேருக்கும் சொந்தம், வித்தா ஆறு பங்கு, சார் வீட மாத்தினா அடுத்து யார் வீட்டுக்குன்னு ஒரு பக்கத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். தோழி பங்கு 120, அது 120ஆவே எழுதியிருக்கு. தம்பிக்கு பேனா கொடுத்தப்ப எல்லாரையும் விட மெதுவா படிச்சுட்டுப் போட்டான்.

இந்த வருஷம் மார்ச்ல வேற ஒரு இடத்துல லஃபாயட் பேரு போட்ட சின்னப் பலகை ஒண்ணு ஏலத்துக்கு வந்துச்சு. இந்தத் தடவ எங்கிருந்து வந்ததுன்னு முதல்லயே கேட்டு கடிதம் வாங்கிட்டோம். மொத்தச் செலவு 400 தாண்டக் கூடாது, கேக்கறது தோழி மட்டும், அவளோட நம்பர் குரூப்ல பின் பண்ணி வச்சிருக்கு. அந்த இடத்துக் கமிஷன் கழிச்சு அவ 310 வரைக்கும் போகலாம்னு கணக்கு. எட்டரை மணிக்கு எல்லாரும் சார் வீட்ல தோசை சாப்ட்டுட்டு இருக்கோம், அவ லேப்டாப்ப மடியில வச்சிருக்கா. 325 ஆச்சு. அவ நிமிர்ந்து என்ன பாத்தா. நான் தட்டுல சட்னி ஊத்திக்கிட்டேன். அவ லேப்டாப்ப மூடிட்டு, "இன்னொரு தோசை இருக்கா சார்?"னு கேட்டா.